சரணாகதியும் சோதனைக் குச்சியும்

எல்லாவற்றையும் அரங்கனிடம் ஒப்படைத்துவிட்டவர், வராத நோயைத் தேடிப் போகலாமா? பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை என்றதும் ஸ்ரீரங்கத்தில் இப்படிக் கேட்டால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சரணாகதிக்குப் பிறகு நம் முயற்சிக்கு என்ன வேலை என்பது வைணவத்தின் வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாக வாதாடிய விஷயம். தாய்ப்பூனை கவ்விய குட்டியைப் போல் இருந்தால் போதும் என்ற தென்கலைக் கட்சிக்குப் பேராசாரியர் பிள்ளை லோகாசாரியர். அவரே 1323இல் டெல்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்துக்கு வரும் செய்தி கேட்டதும் சும்மா இருக்கவில்லை. மூலவர் முன் கற்சுவர் எழுந்தது. முதிய வயதில் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே கிளம்பினார். ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் திரும்பியது 1371இல்.

அவர் காத்தது பெருமாளை, தன் உடம்பை அல்லவே என்று மறுக்கலாம். சரியான மறுப்புதான். ஆனால் ராமானுஜ சித்தாந்தத்தில் சேதனமும் (உயிரும்) அசேதனமும் (ஜடப்பொருளும்) பெருமாளுக்குச் சரீரம். அப்படியென்றால் இந்தக் குடலும் நாம் அலட்சியம் செய்ய நம் சொத்தல்ல. வினைப்பயன் என்பவரிடமும் ஒன்று கேட்கலாம். இந்நோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சிறு சதைமொட்டாகத் தொடங்குகிறது. புற்றாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகளாவது ஆகும். கொலோனோஸ்கோப்பியில் கண்ணில் பட்டால் கம்பிச் சுருக்கு மாட்டி அப்போதே அறுத்தெடுத்துவிடலாம். நோயைத் தந்தது வினை என்றால், அந்த அவகாசத்தைத் தந்தது யார்?

உண்மையான தடை தத்துவமல்ல, கூச்சம் என்றே நினைக்கிறேன். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனைக்கு, சிறு குச்சியால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டு, குப்பிக்குள் செருகி மூடியைத் திருகினால் முடிந்தது. ஆசாரக்காரர் பிறகு குளித்துக்கொள்ளலாம். காவிரிக்கு அந்தப் பக்கம் திருச்சி மலைக்கோட்டையில் பக்தை ஒருத்திக்குத் தாயாக வந்து பிரசவம் பார்த்த ஈசன், பேறுகால ரத்தத்தைத் தீட்டென்று ஒதுங்கவில்லை. (வைணவர்கள் பொறுத்தருள்க.)

நல்லபடியாக இருப்பவரை நோயாளி ஆக்குகிறார்கள் என்ற புகாரில் நியாயம் உண்டு. சோதனையில் ரத்தம் தென்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. ஆனாலும் பயமும் செலவும் மிஞ்சும். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அங்குள்ள அளவுக்கு இந்நோய் இங்கே இல்லை. நம் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளையே தேடுகிறது. அதனால் ஊரையே வரிசையில் நிறுத்த நான் சொல்லவில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ வந்திருந்தால் கணக்கு வேறு: 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்னதாக, எது முந்தியோ அப்போது டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். மலத்தோடு ரத்தம் போவது கண்ணுக்கே தெரிகிறதென்றால் அது முன்பரிசோதனை விவகாரமே அல்ல. உடம்புச் சூடு, மூலம் என்று தாங்களே பெயர் வைத்து மோர் குடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்துபவர்கள், அது மூலம்தான் என்பதையாவது ஒரு டாக்டர் வாயால் கேட்டுக்கொள்ளட்டும்.