பாத்திரம் அறிந்து...

'மாடி வீட்டுக்காரருக்கு எதுக்குங்க இலவச அரிசி? ஏழைக்கு மட்டும் கொடுத்தா அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம்!'

டீக்கடையில், ரயிலில், கல்யாணப் பந்தியில்... இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நியாயமான கேள்விதான். 'பாத்திரம் அறிந்து பிச்சை இடு' என்று பழமொழியே இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இந்த வரவு-செலவு புரியாமல் போகுமா?

ஆனால், ஏழை யார் என்பதை யார் முடிவு செய்வது? எந்த மாசத்தில் முடிவு செய்வது?

ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலியை எடுத்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் ஓரத்து ஊர். இந்த வட்டாரத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு ஆர்டர் வந்தால் ஓவர்டைம். வராவிட்டால், 'அப்புறம் சொல்லி அனுப்பறோம், போங்க.' ஓவர்டைம் வாங்கிய மாசத்தில் ஒருத்தர் கணக்கெடுக்க வந்தால், அந்தக் குடும்பம் வறுமைக்கோட்டுக்கு மேலே. மூணு மாசம் கழித்து அதே வீட்டு அடுப்பில் பூனை தூங்கும். பட்டியல் மட்டும் மாறாது!

1997-ல் மத்திய அரசு ரேஷன்காரர்களை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்கவில்லை. 2011 ஜூனில் அரிசி இலவசமானபோதும், 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும், 'எல்லோருக்கும்' என்பதை விடவில்லை. அரிசி வேண்டாம் என்பவர் சர்க்கரை கார்டுக்கு மாறிக்கொள்ளலாம். 2020 ஊரடங்கில் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது, அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் இலவசப் பொருட்களும் கொடுத்தார்கள். ஏழையைத் தேடிப் பிடித்துப் பட்டியல் போடும் வேலை அன்றைக்கு மிச்சம்.

கணக்குப்படியே பார்ப்போமே. வசதியானவருக்கு அரிசி போனால், நஷ்டம் பணம். பசித்தவர் பட்டியலில் விட்டுப்போனால், நஷ்டம் ஒரு குழந்தையின் ராத்திரிச் சாப்பாடு. பணத்தை அடுத்த வருஷம் சம்பாதித்துக்கொள்ளலாம். இரண்டு வயதில் கிடைக்காத சத்தை இருபது வயதில் ஊட்ட முடியுமா? இரண்டு தவறுக்கும் ஒரே விலை போடுகிற கணக்கு, கணக்கே இல்லை.

இன்னொன்றும் உண்டு, மானம். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையில் ஓடுகிற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அங்கே, 'உங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுதா?' என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்பதில்லை. 'ஏழைப் பிள்ளைங்க மட்டும் கை தூக்குங்க' என்று ஒரு வாத்தியார் சொல்வதை நினைத்துப் பாருங்கள். பசித்த பிள்ளை தூக்குமா?

சரி, அப்படியானால் வாங்கிய அரிசியை வெளியில் விற்கலாமா? மாட்டுக்கு வைக்கலாமா? கூடவே கூடாது சார்! சாப்பிட வாங்கினால் உரிமை. விற்க வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. அரசாங்கம் நம்மைச் சோதிக்காமல் கொடுக்கிறது என்றால், சோதிக்கிற பொறுப்பு நம் மனசாட்சியிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். கியூவில் நிற்கிறவர் யாரென்று கடைக்காரர் ஆராய வேண்டாம்.

பாத்திரம் அறிந்து இடுவது இருக்கட்டும். நீட்டுவதற்கு முன்னால், நம்ம பாத்திரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறதா என்று நாமே ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்ளலாமே!