சுந்தராம்பாள் பாட மறுத்த வரி

சிலப்பதிகாரக் கதையை வைத்து 1964-இல் வந்த 'பூம்புகார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளுக்குக் கவுந்தியடிகள் வேடம். கதை வசனம் கலைஞர் கருணாநிதி. கோவலன் வெட்டுப்பட்ட பிறகு கவுந்தியடிகள் பாடும் பாட்டில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற வரி ஒன்று இருந்ததாம். தெய்வத்தைக் கேள்வி கேட்கும் சொல்லைத் தன் வாயால் பாட முடியாது என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். தெய்வம் வந்துவிட்டது என்று பொருள்படும்படி வரி மாறியது. சினிமாக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவரும் செய்தி இது.

எழுதியவர் கடவுள் மறுப்பாளர், பாடியவர் முருக பக்தை. அதனால் இதை இரண்டு கொள்கைகளின் உரசலாகவே எல்லோரும் பேசுகிறார்கள். கூத்தாடுகிற எனக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. வேடம் பேசுகிற வார்த்தைக்கு யார் பொறுப்பு?

நான் ஜவ்வாதுமலைக்காரன். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மலையிறங்கிப் போளூர், செங்கம் பக்கமும் பாரதக் கூத்தில் பெண்வேடம் கட்டுகிறேன். சுந்தராம்பாளோ ஆண்வேடம் கட்டியவர். 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்திருந்தார். 25 வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறி, இனி ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்திருந்தார் சுந்தராம்பாள். நல்ல காரியங்களில் ஒதுக்கி வைக்கப்படும் கோலத்தில் இருந்த ஒரு பெண், கோயிலில் ஒதுக்கி வைக்கப்பட்ட ஓர் ஆணாக நின்று பாடினார். அது வெறும் நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் கூத்தில் துகிலுரிதல் ராத்திரி இப்படி நடக்கும். சேலைமேல் சேலையாகச் சுற்றிக்கொண்டு திரௌபதியாக நான் நிற்பேன். மலைக் குளிரிலும் வியர்த்து, அரிதாரம் கன்னத்தில் வழியும். துச்சாதனன் கட்டியவர் போட்ட ஆட்டத்தில் மண் கிளம்பியிருக்கும். என் முந்தானையில் கைவைக்கும் இடம் வந்ததும் மத்தளம் நின்றுவிடும். அவர் கற்பூரம் ஏற்றி எனக்குக் காட்டி, கும்பிட்டு, "தாயே, வயித்துப் பொழப்புக்கு ஆடுறேன், குத்தம் பொறுத்துக்க" என்பார். அப்புறம்தான் இழுப்பார். சில ராத்திரி அந்த இடத்திலேயே அவருக்கு மருள் வந்து நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும்.

என்னை ஏசிய சொல் அத்தனையும் பேசியது துச்சாதனன் என்றால், மன்னிப்புக் கேட்கிறவர் யார்? இரண்டுக்கும் வாய் ஒன்றுதானே. அரிதாரத்தைக் கழுவினால் சொன்ன சொல்லும் சேர்ந்து போய்விடாது என்று எங்கள் வாத்தியார்மார்கள் நினைத்ததால்தான் அந்தக் கற்பூரம். சுந்தராம்பாளின் மறுப்பும் அதே நம்பிக்கையில் பிறந்தது. அதைப் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நல்ல சொல்லுக்கும் இதே கணக்குதான். விடியற்காலை கூத்து முடிகிற நேரத்தில் பெண்கள் குழந்தையைத் தூக்கிவந்து என்னைத் திருநீறு பூசச் சொல்வார்கள். பகலில் சாமைக் கொல்லையில் என்னோடு களையெடுப்பவர்கள்தான் அவர்கள். நான் யாரென்று நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பிள்ளையின் நெற்றியை நீட்டுகிறார்கள். 1953-இல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் 'ஔவையார்' எடுத்தபோது சுந்தராம்பாளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஔவையின் முகம் அவர் முகம்தான். 1965-இல் 'திருவிளையாடல்' வந்தபோதும் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்த அவரே வர வேண்டியிருந்தது. ஜனங்கள் இதில் ஏமாறவில்லை. கொடுமுடியில் பிறந்த ஒரு பெண்ணின் தொண்டையில் ஔவை வந்து உட்கார இடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஆனாலும் அந்த வரியை அவர் பாடியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் சமணத் துறவி. கோவலனையும் கண்ணகியையும் மதுரைவரை கூட்டிவந்து, மாதரி என்ற இடையர் பெண்ணிடம் அடைக்கலமாக ஒப்படைத்தவர். நடந்ததைக் கேட்டதும் உண்ணாமல் இருந்து உயிர்விட்டார். அந்த மனசு தெய்வம் எங்கே என்று கேட்டால் நாத்திகமாகுமா? திரௌபதியாகச் சபையில் நிற்கும்போது நானும் கண்ணனைக் கேட்கிறேன். "அண்ணா, துவாரகையில உனக்குக் காது அடைச்சுப்போச்சா? தங்கச்சி கத்துறது கேக்கலியா?" என்று நானாகச் சேர்த்துப் பேசுவேன். கூட்டத்தில் பாட்டிமார்கள் அழுவார்கள். சாமியைத் திட்டிவிட்டான் என்று இதுவரை யாரும் எழுந்து போனதில்லை. சுந்தரர் சிவனைப் பித்தன் என்று ஏசித்தான் தோழரானார். நந்தனாரும் வேறென்ன செய்தார்? உள்ளே விடாத கோயிலின் சாமியிடமே முறையிட்டார்.

இங்கே ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். திரௌபதி கேட்டதற்கு அந்த ராத்திரியே சேலை வளர்ந்துவிடுகிறது. கவுந்தியின் கேள்விக்குக் கோவலன் எழுந்து வரப்போவதில்லை. கிட்டப்பாவும் வரவில்லை. 1933-லிருந்து தன் நெஞ்சுக்குள் அடக்கி வைத்த கேள்வியை ஊரே கேட்கும்படி அந்தக் குரலில் ஏற்ற அவர் அஞ்சியிருக்கலாம். அப்படி நினைக்கும்போது பாடியிருக்கலாமே என்கிற என் பேச்சு கொஞ்சம் தணிந்துபோகிறது.

பிறகு 'துணைவன்', 'காரைக்கால் அம்மையார்' என்று அவர் நெஞ்சுக்கு ஒத்த படங்கள் அவரைத் தேடி வந்தன. எங்களுக்கு வேடத்தைப் பொறுக்குகிற வசதி கிடையாது. இந்த ஆடித் திருவிழாவில் திரௌபதிக்கு முந்தின ராத்திரி நான் பூதகி கட்ட வேண்டும், குழந்தைக் கண்ணனுக்கு நஞ்சுப்பால் கொடுக்க வருகிறவள். அந்த ராத்திரிக்கும் சேர்த்துக் கற்பூரம் வாங்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.