தண்ணீர்ப் பந்தலும் முறைநீரும்: காட்கோபர் குடிசைப் பகுதிகளை முன்வைத்து

மும்பையின் கிழக்குப் புறநகரான காட்கோபரில் மாநகராட்சியின் நீர்த்தேக்கம் ஒன்று குன்றின்மேல் அமைந்துள்ளது. தான்சா ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொணரும் பெருங்குழாய்களும் அவ்வழியே செல்கின்றன. அக்குன்றுச் சரிவிலும் குழாயோரத்திலும் குடியேறிய மக்கள் பல்லாண்டுகள் விலைக்கு நீர் வாங்கியே வாழ்ந்துள்ளனர். நீர் தொலைவில் இருந்தமை இதற்குக் காரணமன்று. குடியிருப்புக்குரிய ஆவணம் இன்மையே காரணமாகும். சட்ட ஒப்புதல் அற்ற குடியிருப்பில் வாழ்வோருக்குக் குடிநீரில் உரிமை உண்டா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2000 சனவரி 1-க்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குடிநீர் மறுக்கப்பட்டதை எதிர்த்துப் பானி ஹக் சமிதி (தண்ணீர் உரிமைக் குழு) வழக்குத் தொடுத்தது. அரசமைப்பின் 21-ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையுள் குடிநீரும் அடங்கும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2014 திசம்பரில் தீர்ப்பளித்தது. எனினும், அவர்களுக்குச் சட்டப்படி குடியிருப்போருக்கு நிகரான அளவில் நீர் தரவேண்டியதில்லை. கூடுதல் கட்டணமும் பெறலாம் என்றது. தீர்ப்பின் இவ்விரண்டாம் பகுதியே இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது.

தமிழ் மரபில் நீர்க்கொடை இரு வடிவங்களில் காணப்படுகிறது. திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரால் அமைத்த தண்ணீர்ப் பந்தல் வருவோர் எவரென வினவவில்லை. ஆயினும், பந்தலின் அறம் கொடுப்போனைச் சார்ந்தது. அவன் பந்தலைப் பிரித்துவிட்டால் குடிப்போன் வழக்காட இயலாது. ஏரிப்பாசனத்தின் முறைநீர் இதனின் வேறானது. நீர் குறைந்த ஆண்டில் பங்கு குறையும்; பங்காளி என்னும் நிலை குறையாது. ஆனால் அம்முறையும் நிலமற்றோரை விலக்கியே நின்றது. ஊர்க்கிணறு சேரிக்கு மூடியே கிடந்தது. இதனை மறைத்து மரபைப் போற்றுதல் ஆய்வு நேர்மை ஆகாது. 1927 மார்ச்சில் மகாத் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தியது தாகம் தணிப்பதற்காக அன்று. சமமான பங்கை நிறுவுவதற்காகவே எனலாம்.

இந்நோக்கில், உயர் நீதிமன்றம் உரிமை என்னும் பெயரால் பந்தலின் அறத்தையே வழங்கியது எனக் கருத இடமுண்டு. அடுக்ககவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், சேரிவாசிக்கு 45 லிட்டர் என்று மாநகராட்சி வகுத்திருந்த அளவுகோலும் இத்தன்மையதே. தாகத்தின் அளவு வீட்டு ஆவணத்தால் மாறுவதில்லை. மேலும், கணக்கில் சேர்க்கப்படாத மக்களும் நீர் பருகவே செய்வர். அந்நீர் நீர்வண்டி வழியாகவோ களவிணைப்பு வழியாகவோ அவர்களை அடையும். ஆதலின் அவர்களை விலக்கிய நீர்த்திட்டம் திட்டம் என்னும் அளவிலேயே பிழையுடையது.

2022-இல் மாநகராட்சி அனைவருக்கும் தண்ணீர் என்னும் கொள்கையை அறிவித்தது. குடியேறிய ஆண்டு என்னும் தடை அதனால் தளர்ந்தது. எனினும், தான்சா, பாட்சா ஏரிகள் அமைந்த சகாப்பூர் வட்டத்துப் பழங்குடிச் சிற்றூர்கள் பல கோடையில் நீர்வண்டியை எதிர்நோக்கியே இருந்துவருகின்றன. காட்கோபர்க் குன்றினர் கேட்கும் பங்கும் அவ்வூர்களின் நிலத்தில் தேங்கிய நீரே. மாநகராட்சி கூறும் ‘அனைவர்’ என்னும் சொல்லுள் அவ்வூரார் அடங்கவில்லை.