விசுவாசம் பிதிரார்ஜிதமா?

நம்மவருள் கிறிஸ்தவராயுள்ளோர் புதிதாய் ஒருவரையொருவர் சந்திக்குமிடத்து, பெயரும் ஊரும் கேட்டறிந்த பின்னர் எழும் வினா ஒன்றுண்டு. "தங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாய் வேதத்தில் இருக்கிறது?" என்பதே அது. மூன்று என்பவர் சாதாரணமாய்ச் சொல்லுவார். ஐந்து என்பவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லுவார். போன வருஷந்தான் ஞானஸ்நானம் பெற்றேன் என்பவரோ, ஏதோ கடன்பட்டவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்ளுவார். நாம் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தோம். தலைமுறையைக் கொண்டு விசுவாசத்தை அளக்கலாமா, அளந்தால் அவ்வளவு எதைக் காட்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம். இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய விசாரணையன்று. "எங்கள் முன்னோர் வழி" என்று சொல்லி எந்த மதத்தையும் எந்த வழக்கத்தையும் காத்து நிற்போர் யாவர்க்கும் இது பொருந்துவதாகும்.

சொத்தை நம் பெரியோர் இருவகையாய்ப் பிரித்தனர். தகப்பன் பாட்டன் வழியாய் வருவது பிதிரார்ஜிதம். தன் உழைப்பாற் சம்பாதிப்பது சுயார்ஜிதம். பிதிரார்ஜிதத்தில் மகனுக்குப் பிறந்தவுடனேயே பாத்தியதை உண்டு என்பது பழைய இந்து தர்மசாஸ்திரக் கொள்கை. அதற்காக அவன் ஒன்றும் செய்யவேண்டுவதில்லை, பிறந்தாற் போதும். விசுவாசம் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது?

திருச்சபையின் வழக்கமே இதற்கு ஒருவாறு விடை கூறுகின்றது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில், குழந்தையின் பெயரால் ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுக்கின்றனர். ஆனால் சபை அவ்வளவோடு விட்டுவிடுவதில்லை. அறிவு தெரிந்த வயதில் அப்பிள்ளையை முன்னே நிறுத்தி, மற்றவர் உனக்காகக் கொடுத்த வாக்கை நீயே ஏற்றுக்கொள்ளுகின்றாயா என்று கேட்கின்றது. ஆங்கிலிக்கன் சபையார் இதனைத் திடப்படுத்தல் என்பர்; கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்பர். திடம், உறுதி என்னும் இச்சொற்களைத் தேர்ந்தவர் யாரோ, விஷயம் அறிந்தே தேர்ந்திருக்கின்றனர். (இக்காலத்தில் அந்நாள் புதுச் சட்டைக்கும் புகைப்படத்துக்கும் உரிய நாளாய்ப் போயிற்று என்பது வேறு விஷயம்.) ஏற்கின்றாயா என்று கேட்பதில், இல்லை என்று சொல்லவும் இடமுண்டு என்பது அடங்கியிருக்கின்றது. அவ்விடம் இல்லையேல் கேள்வியே வேண்டுவதில்லை.

இனி, தலைமுறைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுவோம். ஐந்து, நான்கு, மூன்று என்று பின்னோக்கிச் சென்றால் முடிவில் ஒருவர் நிற்கின்றார். அவர் யார்? தம் தகப்பன் சொல்லைத் தட்டியவர்! முன்னோர் வழியே சரியான வழி என்பது உண்மையானால் அவர் குற்றவாளி. அவர் வழி வந்த நாமனைவரும் அக்குற்றத்தின் சந்ததியார். அவர் செய்தது சரியென்றாலோ, முன்னோர் சொன்னார் என்னும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரியென்று சாதித்தல் இயலாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒதுங்க நிழல் இருப்பதாய் எமக்குத் தோன்றவில்லை.

எம் குடும்பத்தில் முதன்முதல் வேதத்துக்கு வந்தவர் எம் பாட்டியாரின் தந்தையார். திருநெல்வேலிச் சீமையிலே, தாமிரபரணிக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். பனையேறிப் பிழைத்த குடும்பம். மகன் வேதக்காரனானான் என்றறிந்த தகப்பனார் அவரை வீட்டுப் படியேறக் கூடாதென விலக்கினார். இருந்த சில பனைகளிலும் பங்கு தரவில்லை. மதம் மாறியவன் தன் பாகத்தை இழக்கவேண்டுவதில்லை என்று 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் சொல்லியிருந்தது. தேரிக்காட்டில் அச்சட்டத்தைப் படித்தவர் யார்? படித்திருப்பினும் கச்சேரிக்கு நடக்கக் காசு ஏது? ஆக, பிதிரார்ஜிதத்தை இழந்து அவர் சம்பாதித்த ஒன்றைத்தான் நாம் இன்று பிதிரார்ஜிதம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

இவ்வாறு துணிந்தவருள் உலகறிந்த ஒருவரைச் சொல்லுவோம். 1712இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலத்தில் நீலகண்டன் என்பவர் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில் அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். 1741இல் குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னருக்கே படை பயிற்றிய டிலனாய் என்பவரோடு பழகிக் கிறிஸ்து மார்க்கத்தை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறையிடப்பட்டார். பல துன்பங்களுக்குப் பின் 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜாதி பாராது எல்லாரோடும் சமமாய்ப் பழகியமையும் அவர்மீது உயர்ந்தோர் கொண்ட பகைக்குக் காரணம் என்பர். 2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் ரோமாபுரியிலே போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். நெடுங்காலம் அவர் பெயரோடு ஒட்டி வந்த ஜாதிப்பட்டம் அவ்வறிவிப்பிற் காணப்படவில்லை. அவர் உயிரை விடுதற்குச் சில ஆண்டுகளே வேண்டியிருந்தன. அவர் பெயரை அந்தப் பட்டம் விடுதற்கு 270 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

துணிவு என்றவுடன், முன்னோர் தந்த யாவற்றையும் உதறித் தள்ளுவதே அது எனச் சிலர் கருதுகின்றனர். அதுவும் சரியன்று. 1827இற் பிறந்த கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தவர்; சாயர்புரத்திலே தமிழாசிரியராயிருந்தவர்; 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். மதத்தை விட்டவர் கம்பனை விட்டாரில்லை. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் 3,700க்கு மேற்பட்ட பாடல்களாலானது. பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கதையைத் தழுவியதாயினும், அதன் நடையிலே இளமையிற் கற்ற கம்பன் தமிழ் கமழ்வதைப் படித்தோர் அறிவர். எதை வைத்துக்கொள்ளுவது, எதை விடுவது என்று தாமே ஆராய்ந்து முடிவு செய்த மனிதர் அவர். வீட்டைக் காலி செய்வோனும் அம்மிக்கல்லை விட்டுச் செல்லுவதில்லையன்றோ?

இனிச் சொல்லப்போவது அவ்வளவு இனிய விஷயமன்று. துணிவினால் வந்த விசுவாசம் இரண்டு மூன்று தலைமுறை கடந்து சொத்தாக மாறியவுடன் என்ன நேர்ந்தது? சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரும், பெத்லகேம் குறவஞ்சி பாடியவருமான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரை வாழ்ந்த பெரும்புலவர். அவர் பாடல்களைப் பாடாத தமிழ்ச்சபை அரிது. எனினும், புதிய மிஷனெரிமார் சபையினின்று ஜாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோது, அவர்களை எதிர்த்து எழுதியவரும் அவரே. 1833இல் கல்கத்தா பிஷப்பாயிருந்த டேனியல் வில்ஸன், சபைக்குள் ஜாதி வேற்றுமையை அடியோடு விட்டொழிக்க வேண்டுமென்று நிருபம் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர், ஜாதியை விடுவதினும் கோயிலை விடுவது எளிதென்று வெளியேறினர்.

அதனினும் கண்கூடான சான்று வடக்கன்குளத்தில் உண்டு. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர்! 1872இல் அங்கே எழுந்த கோயில், பீடம் ஒன்றாகவும் அதனின்று பிரியும் மண்டபம் இரண்டாகவும் அமைக்கப்பட்டது. ஒரு மண்டபத்தில் ஒரு ஜாதியார், மற்றதில் மற்றவர். சனங்கள் அதனைக் காற்சட்டைக் கோயில் என்றனர். சிரிக்கவேண்டிய பெயராயினும் எமக்குச் சிரிப்பு வரவில்லை. 1910இல் கௌசானல் பாதிரியார் தடுப்புச் சுவரை இடிப்பித்தார். இடித்தது தவறென்று உயர்ஜாதியார் எனப்பட்டோர் நியாயஸ்தலம் ஏறி வழக்காடித் தோற்றனர். அவர்கள் சொன்ன நியாயம் யாது? நெடுநாள் வழக்கம்; முன்னோர் உரிமை; அதாவது பிதிரார்ஜிதம்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். துணிவு துணிவென்று புகழுகின்றீரே, அவ்வழக்கை ஆண்டுக்கணக்காய் நடத்தியவர்க்கும் மனவுறுதி இருந்ததன்றோ என்று கேட்கலாம். இருந்தது, மறுப்பதற்கில்லை. உறுதி என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அதற்குரிய விலையை யார் கொடுக்கின்றார் என்பதைக் கவனித்தால் வேற்றுமை விளங்கும். தேவசகாயத்தின் உறுதிக்கு அவரே உயிரால் விலை கொடுத்தார். தென்திருவிதாங்கூரிலே தோள்சீலை அணிந்தே தீருவோமென்று நின்ற கிறிஸ்தவப் பெண்கள், அடியும் அவமானமும் தாங்களே பட்டனர். 1859இல் அரசாங்கம் இறங்கிவந்து உத்தரவிட்டது. வடக்கன்குளத்துச் சுவருக்கோ, அதனை வேண்டியவர் கொடுத்தது பணம். அப்பாலிருந்தவர் கொடுத்தது மானம். பிறர் மானத்தைக் கொண்டு காக்கப்படும் உறுதியை நாம் பிடிவாதம் என்போம்.

அப்படியாயின் குடும்பம் நமக்குத் தருவது ஒன்றுமில்லையா? உண்டு. வேறொரு வீட்டில் பிறந்திருப்பின் நாம் கிறிஸ்தவராயிருப்போம் என்று சொல்லுதற்குத் துணியோம். எம் பாட்டியார் இளவயதிற் கணவரோடு கப்பலேறிப் பேராக்கிலுள்ள ரப்பர்த் தோட்டமொன்றுக்கு வந்தவர். கொண்டுவந்த தகரப்பெட்டியில் வேதாகமம் ஒன்று இருந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டித் திரும்பி, இரவில் மண்ணெண்ணெய் விளக்கின்முன் எம் தந்தையாரை உட்காரவைத்து ஓர் அதிகாரம் வாசிக்கச் சொல்லுவாராம். பையன் ஒரு சொல்லை விழுங்கினாலும், படிக்கத் தெரியாத அவர், "அப்படி இல்லையே, திரும்பப் படி" என்று நிறுத்துவாராம். தம் தகப்பனார் வாசிக்கக் கேட்டுக் கேட்டு முழுதும் மனப்பாடம்! பையனைப் புல் வெட்டும் கூட்டத்தில் சேர்த்தால் மாதம் சில வெள்ளி வருமே என்று கங்காணி சொன்னபோது, அந்தப் புத்தகத்தைப் படிக்க வீட்டில் ஒருவன் வேண்டும் என்று மறுத்துவிட்டார். ஜாதிக்கொரு லயம் என்றிருந்த தோட்டம் அது. அவர் வீட்டு வாயிலில் வந்து தண்ணீர் கேட்டவர் எவரையும் எந்த லயம் என்று அவர் கேட்டதில்லை என எம் தந்தையார் சொல்லுவார். ஏன் கேட்பதில்லை என்றதற்கு, "தண்ணிதானே கேட்டாங்க" என்றாராம். வேதசாஸ்திரம் கற்ற பண்டிதர்கள் இதைப்பற்றி அத்தியாயம் அத்தியாயமாய் எழுதியிருக்கின்றனர். எமக்கு இது போதும்.

இவற்றையெல்லாம் நாம் எழுத நேர்ந்த காரணத்தையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகின்றோம். தோட்டத்தை விட்டுக் குடும்பம் நகருக்குப் பெயர்ந்து பல ஆண்டுகளாயின. எம் தமையனார் மகள், ஐந்தாம் தலைமுறைக்காரி, ஓர் இளைஞனை மணக்க விரும்புகின்றாள். அவனும் கிறிஸ்தவன், அதே கோயிலில் பாடற்குழுவில் இருப்பவன், நல்ல உத்தியோகம், குடியறியாதவன். இத்தனை இருந்தும், "நம்மவர் அல்லரே" என்றார் குடும்பப் பெரியவர் ஒருவர். வேதத்தால் நம்மவரே என்றோம். "வேதம் இருக்கட்டும், நாலு தலைமுறையாய்க் காத்து வந்ததை இவள் கெடுக்கலாமா?" என்றார்.

நான்கு தலைமுறையாய் நாம் காத்து வந்தது எது என்று அவரைக் கேட்க வாயெடுத்தோம். அதற்குள் அப்பெண்ணே, வெகு மரியாதையாய், "தாத்தா, வேதத்துக்கு வந்த பெரிய தாத்தா, அவங்க அப்பாவைக் கேட்டுக்கிட்டா வந்தாங்க?" என்றாள். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விடை கூறவில்லை. தேரிக்காட்டிலே படியேறவொட்டாமல் நிறுத்தப்பட்ட மனிதரின் வாரிசு யார் என்று எம்மை எவரேனும் கேட்பின், அவர் பெயரைச் சொல்லி ஜாதி காக்கும் கிழவரைக் காட்டமாட்டோம். அந்தப் பெண்ணைக் காட்டுவோம்.

பெரியவர்மீதும் எமக்குக் கோபமில்லை. அவர் பொல்லாதவரல்லர். பாட்டியார் வாசிக்கச் சொல்லக் கேட்ட அதே விளக்கின்முன் வளர்ந்தவர். தண்ணீர் கொடுத்ததையும் கண்ணாற் கண்டவர். கண்டதில் எதை எடுத்துக்கொள்ளுவது என்பதில்தான் அவருக்கும் எமக்கும் வேற்றுமை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. இவ்விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் உண்டானாற் சொல்லவேண்டும் என்று குருவானவர் வழக்கம்போற் கூறிச் சற்றே நிறுத்தினார். பெரியவர் மூன்றாம் வரிசையில், தூணோரம் அமர்ந்திருந்தார். கைத்தடியை இரு கையாலும் பற்றியிருந்தார், எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு ஓலைகள் இருக்கின்றன.