தன் அளவைச் சொல்லுதல்

வேலைக்கான நேர்காணலில், நாம் கற்றிராத ஒன்றைக் குறிப்பிட்டு, ‘இது தெரியுமா?’ என்று வினவுகிறார்கள். தெரியாது என்றால் வேலை கைநழுவுமோ என்னும் அச்சம். தெரியும் என்றாலோ அது பொய். இவ்விடத்தில் நாம் நிற்கவேண்டிய நிலை யாது?

திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் ஏழாம் பதிகத்தில் நம்மாழ்வார், தம்மிடம் கைம்முதல் ஒன்றுமில்லை என்று வானமாமலைப் பெருமானிடம் விண்ணப்பம் செய்கிறார். அங்கே அவ்வின்மையே தகுதி. ஏனெனில் கேட்பவன் ஸர்வ ரக்ஷகன். நேர்காணல் செய்பவருக்கோ ஒரு பணி நடந்தாகவேண்டும். எம்பெருமான் முன்னே செய்யும் நைச்சியாநுஸந்தானத்தை அவர்முன் கொண்டுசென்று, அறிந்ததையும் அறியோம் என்பது அடக்கமாகாது. அதுவும் உண்மைக்குப் புறம்பே.

இதற்கு ஏற்ற வழிகாட்டி ஸ்ரீராமாயணத்தின் கிஷ்கிந்தா காண்டத்தில் உள்ளது. 100 யோசனைக் கடலின் கரையில், யார் எவ்வளவு தாவவல்லார் என்று அங்கதன் கேட்கிறான். கஜன் 10 யோசனை என்றான். கவாக்ஷன் 20 என்றான். ஜாம்பவான் 90 என்றார். அங்கதனோ, 100 யோசனையும் கடப்பேன், மீண்டு வருவதே ஐயம் என்றான். இளவரசனாயிருந்தும் அந்த ஐயத்தை அவன் மறைக்கவில்லை. எவனேனும் தன் அளவைக் கூட்டிச் சொல்லியிருந்தால், பிராட்டியைத் தேடும் கைங்கர்யம் நடுக்கடலில் முடிந்திருக்கும் அன்றோ! அவரவர் உள்ளபடி உரைத்ததனாலேயே, வாளாவிருந்த அனுமனிடம் ஜாம்பவான் செல்லவேண்டியதாயிற்று.

அங்கதனுடைய விடையில் இரண்டு கூறுகள் உண்டு: இயல்வது எதுவரை, ஐயம் எங்கே தொடங்குகிறது. நாமும் அவ்வாறே, ‘அந்தக் கணினிமொழியில் பணி செய்ததில்லை, அதனை ஒத்த வேறொன்றில் இன்னின்ன செய்திருக்கிறேன், இதைக் கற்கச் சிறிது காலம் வேண்டும்’ என்று சொல்லலாம். மனம், மொழி, மெய் மூன்றும் பிறர்பால் ஒருபடிப்பட்டிருப்பதே ஆர்ஜவம் என்று எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் அருளிச்செய்ததும் இதுவே.

இப்படிச் சொல்வதால் வேலை கிடையாமற் போகவும் கூடும். குடும்பம் தாங்குபவருக்கு அது சிறிய இழப்பன்று. ஆயினும், பொய்யால் பெறும் இடம், அக்கலையை வருந்திக் கற்ற வேறொருவருக்கு உரியது. பெற்றபின், நம் அறியாமையை நாள்தோறும் மறைப்பதே நமக்குத் தொழிலாய்விடும். ரக்ஷகன் அவனொருவனே என்று தேறியிருக்கும் நாம், ஒரு வேலைக்காக அத்தேற்றத்தை விடலாமோ?