மௌனமும் வஞ்சகமாகுமா?

பொய் சொல்லுதல் குற்றம் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், உண்மையை அறிந்தும் வாய் திறவாதிருத்தல் குற்றமா? பழைய புகையிலைப் பேரம் ஒன்று இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த போரில், ஆங்கிலேயக் கடற்படையின் முற்றுகையால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் முடங்கியிருந்தது. புகையிலை விலை வீழ்ந்து கிடந்தது. 1814 டிசம்பர் 24 அன்றே கென்ட் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தும், கடல் கடந்து அச்செய்தி மக்களை எட்டவில்லை. 1815 பிப்ரவரி 19, ஞாயிறு விடியற்காலையில் ஹெக்டர் ஆர்கன் என்னும் வணிகர், லெய்ட்லா நிறுவனத்தாரிடம் 111 பீப்பாய்ப் புகையிலைக்கு விலை பேசி முடித்தார். விலையை உயர்த்தக்கூடிய செய்தி ஏதேனும் உண்டா என்று விற்பவர் தரப்பில் கேட்டனர். சமாதானச் செய்தியை முன்னரே அறிந்திருந்த ஆர்கன் அதனை வெளியிடவில்லை. காலை 8 மணிக்குச் செய்தி துண்டறிக்கையாக ஊரில் பரவியது. விலை 30 முதல் 50 விழுக்காடு ஏறியது. விற்றவர்கள் சரக்கைத் திரும்பக் கைப்பற்ற, வாங்கியவர் வழக்குத் தொடுத்தார்.

இருவரும் சமமாக அறிந்துகொள்ள வாய்ப்புள்ள செய்தியைச் சொல்ல வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்லர். ஆயின், பிறரை ஏமாற்றும் சொல்லோ செயலோ கூடாது என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். வஞ்சகம் நிகழ்ந்ததா என்பதை ஜூரிகளே ஆராய வேண்டுமென, 1817-இல் உச்சநீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

வினா புதிதன்று. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொணரும் வணிகன், தன் பின்னால் வேறு கப்பல்களும் வருவதைச் சொல்ல வேண்டுமா எனச் சிசரோ கேட்டார். சொல்லியே ஆகவேண்டும் என்று முடித்தார். சொல்லாமை நீதிக்கு மாறானதன்று, சொல்வதோ மேலான நற்பண்பு என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ்.

இவ்விரு கருத்துகளுக்கும் இடையே ஆர்கனை எங்கே நிறுத்துவோம்? கேட்கப்படாதபோது காக்கும் மௌனம் வேறு. கேட்கப்பட்டபின் காக்கும் மௌனம் வேறு. வினாவுக்குப் பின் வரும் மௌனத்தைக் கேட்டவர் 'ஒன்றுமில்லை' என்றே பொருள் கொள்வார். அவர் அவ்வாறு கொள்ள வேண்டும் என்று நாம் விரும்பியே வாய் மூடினால், நாவு பொய் சொல்லாவிடினும் உள்ளம் பொய் சொல்லிவிட்டது.

முயன்று பெற்ற அறிவுக்கு ஊதியம் வேண்டாமா எனச் சிலர் வினவலாம். வேண்டும்தான். ஆனால், தம் நிலத்தின் அருகே நெடுஞ்சாலை வரவிருப்பதை அறியாத ஏழை உழவரிடம், அதனை அறிந்த நாம் பழைய விலைக்கு நிலம் கேட்டால், நாம் ஈட்டுவது நம் அறிவின் ஊதியமா, அவருடைய அறியாமையின் விலையா?

சட்டம் தாழ்ந்த எல்லையை மட்டுமே வரைகிறது. அதற்கு மேலுள்ள எல்லையைக் காண நமக்கு எளிய வழி ஒன்று உண்டு. மறைத்த செய்தி ஒவ்வொன்றும் ஒருநாள் வெளிப்படும். அந்த 8 மணிக்குப் பின்னரும் அவர் முகத்தைக் கூசாமல் நோக்க இயலுமா என்று, கை குலுக்கும் முன்பே நம்மை நாம் கேட்டுக்கொள்வோம்.