நரையும் வாய்மையும்

தலைமுடிக்குச் சாயம் பூசிக் கொள்வது பொய் சொல்வது ஆகுமா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கோபித்துக் கொள்கிறார்கள். சிரிக்கிறவர்கள் பெரும்பாலும் இன்னும் நரைக்காதவர்கள். கோபிக்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "என் தலை, என் காசு, உமக்கு என்ன வந்தது?" என்கிறது ஒரு கட்சி. "ஆம், பொய்தான், நாக்கால் சொல்லாமல் தலையால் சொல்கிற பொய்" என்கிறது மற்றது. இரண்டும் பாதி நியாயம் உள்ளவை என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதியைத்தான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சாயம் பூசுவதில்லை. இதை ஒரு பெருமையாக யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். எழுதிப் பிழைக்கிறவனுக்கு நரை ஒரு முதலீடு. கூட்டத்துக்குப் போனால் முன்வரிசையில் நாற்காலி கிடைக்கிறது. சாதாரணமாகச் சொன்ன வார்த்தையைக்கூட அனுபவ வாக்காக எடுத்துக் கொள்கிறார்கள். நரை எவனுக்கு லாபமோ, அவன் நரையோடு இருப்பதில் தர்மம் ஒன்றும் இல்லை. நரை எவனுக்கு நஷ்டமோ, அவனிடம் போய்த்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

நம்முடைய பழைய கதைகள் நரையைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. கம்பனுடைய தசரதனுக்குக் காதோரத்தில் ஒரே ஒரு மயிர் வெளுக்கிறது. அரசை மகனிடம் கொடுத்துவிட்டுத் தவம் செய்யப் போ என்று அது காதில் சொல்வதாக அவன் எடுத்துக் கொள்கிறான். அங்கே நரை ஒரு தூதன். புறநானூற்றுப் பிசிராந்தையாருக்கோ வயது ஏறியும் நரை இல்லை. காரணம் கேட்டவர்களுக்கு, நல்ல மனைவி, நல்ல மக்கள், குறிப்பறியும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊர் நிறையச் சான்றோர் என்று அவர் கணக்குச் சொல்கிறார்.

கரிகாலன் கதை இவற்றிலும் விசித்திரமானது. வழக்கோடு வந்த முதியவர்கள், 'இந்தச் சிறுவனுக்கு நீதி சொல்லத் தெரியுமா?' என்று தயங்கினார்களாம். அவன் உள்ளே போய் நரைமுடியைத் தரித்து, கிழவனாக வந்து தீர்ப்புச் சொன்னானாம். கறுப்பை வெள்ளையாக்கிக் காட்டியவனை நாம் இன்றுவரை மெச்சுகிறோம். வெள்ளையைக் கறுப்பாக்குகிறவரை மட்டும் பொய்யர் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, பொய் நிறத்தில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. வாய்மை எது என்று தாமே கேட்டு வள்ளுவர் தரும் விடையும் இந்தப் பக்கமே கை காட்டுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்வது என்று அவர் நிறுத்தவில்லை. யாருக்கும் சிறிதும் தீங்கில்லாததைச் சொல்வதே வாய்மை என்கிறார். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்தச் சாயத்தால் தீங்கு யாருக்கு?

எனக்குத் தெரிந்த ஒருவர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். வயது ஐம்பத்திரண்டு. மாதம் தவறாமல் டை அடித்துக் கொள்வார். "முதலாளி ஒண்ணும் சொல்லலைங்க. ஆனா சின்னப் பசங்களை முன்னாடி நிறுத்திட்டு என்னைக் கிடங்குக்கு அனுப்பிட்டா, கமிஷன் போயிடுமே, சார்" என்றார். அவர் விரிக்கும் சேலையின் சாயம் போகுமா போகாதா என்பதை வாடிக்கையாளரிடம் உண்மையாகச் சொல்கிறார். அவருடைய தலையின் சாயத்தால் யாரும் ஒரு காசுகூட இழக்கவில்லை. இங்கே பொய் ஒன்று உண்டென்றால், நரைத்தவனுக்குத் துணி விரிக்கத் தெரியாது என்று நினைக்கிற உலகம் சொல்கிற பொய்தான் அது.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கறுத்த தலையோடு படம் எடுத்து அனுப்பி, வயது நாற்பது என்று சொல்லி இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் கேட்டால் அது வேறு விஷயம். அங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கணக்கு தப்பாகிறது. ஆனால் அங்கேயும் குற்றவாளி டை அல்ல; வயதைச் சொன்ன வாய்.

பெண்களின் நிலை இன்னும் சங்கடமானது. கணவருக்கு நரைத்தால் 'கம்பீரம்' என்கிறோம். அதே வயதில் மனைவிக்கு நரைத்தால், கல்யாண வீட்டில் நாலு பேர் கூடி, "என்னடி, இப்படியே விட்டுட்டே?" என்று கேட்கிறார்கள். ஏதோ அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போனது போல!

நரை என்பது என்ன? மயிர்க்காலில் மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை ஓய்ந்து போனால் அடுத்து வளரும் முடி நிறமில்லாமல் வருகிறது. எப்போது ஓயும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் பத்து வரும் என்பது கட்டுக்கதை. பிடுங்கிய இடத்தில் அந்த ஒன்றுதான் மறுபடி வரும். நம் நாட்டில் இருபத்தைந்து வயதுக்கு முன் நரைப்பதை இளநரை என்கிறார்கள். அதன் பின்னால் சில சமயம் வைட்டமின் பி12 குறைவோ தைராய்டுக் கோளாறோ இருக்கலாம். ஆகையால் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது சாயமல்ல. ஒரு ரத்தப் பரிசோதனை. முடி உதிர்வதைக் கண்டு நடுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினம் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்ந்தாலும், பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும்.

இனிச் சாயத்துக்கு வருவோம். மருதாணியும் அவுரியும் நம் பாட்டிமார் அறிந்தவை. இன்று கடையில் வாங்குகிற கறுப்புச் சாயம், நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த சாயங்களின் வம்சத்தைச் சேர்ந்தது. 1907-ல் பாரிஸ் நகரத்தில் யூஜீன் ஷூலெர் என்ற ரசாயனப் படிப்புக்காரர் இப்படி ஒரு சாயத்தைச் செய்து முடிதிருத்துகிறவர்களுக்கு விற்றார். 1909-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் பிற்பாடு லோரியல் ஆயிற்று. நிரந்தரச் சாயங்களில், அதிலும் கறுப்புச் சாயங்களில், பெரும்பாலும் இருக்கும் மூலப்பொருள் பாராஃபினைலின்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி. அமோனியா முடியின் மேல்தோலைத் திறக்கிறது. நிறமற்ற சிறு அணுத்திரள்கள் உள்ளே நுழைகின்றன. பெராக்ஸைடு அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கி நிறம் கொடுக்கிறது. பெரிதானபின் அவற்றால் வெளியே வர முடியாது. புட்டிக்குள் நுழைந்து பருத்துவிட்ட பூசணிக்காய் போல!

முடி உயிரற்றது, அதற்கு வலி தெரியாது. முடிக்கு அடியில் இருக்கிற தோல் உயிருள்ளது. சிலருடைய தோல் பி.பி.டி.யை விரோதியாக எண்ணிவிடுகிறது. பத்து வருஷம் ஒத்துக் கொண்ட சாயம் பதினோராவது வருஷம் ஒத்துக் கொள்ளாமல் போகலாம். ஒரு முறை விரோதம் பிடித்துவிட்டால் அநேகமாக ஆயுள் முழுவதும் விடாது. அதனால்தான், பூசுவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னால், காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ ஒரு துளி வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சிவப்போ அரிப்போ வீக்கமோ கண்டால் அந்தச் சாயத்தை விட்டுவிட வேண்டியதுதான். இந்த எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று இந்தியச் சட்டம் கட்டளையிட்டிருக்கிறது. புருவத்திலும் இமையிலும் பூசினால் கண்பார்வையே போகலாம் என்ற வரியும் அதில் உண்டு. படிப்பவர் யார்?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை படித்தார். படித்தும் பூசினார். முதலில் காதோரம் அரித்தது. அடுத்த மாதம் கண்ணிமை வீங்கியது. வீட்டில் கேட்டதற்கு, "கத்தரிக்காய் ஒத்துக்கலை" என்றார். வைத்தியரிடமும் அதையே சொன்னார். வைத்தியர் கத்தரிக்காயை விலக்கச் சொன்னார், விலக்கினார். இரண்டு வருஷம் அந்த வீட்டில் கத்தரிக்காய் வாங்கவில்லை. டை மட்டும் மாதம் தவறாமல் வந்து கொண்டிருந்தது. ஒரு நாள் இரவு முகமெல்லாம் வீங்கி, மூச்சு விடத் திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர், நெற்றி ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இந்த டை போடறீங்கம்மா?" என்று கேட்டார். அந்த நிலையிலும் அந்த அம்மாள், பதில் சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் மருமகள் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாராம். இதை அவரே பிற்பாடு சொன்னார். பிழைத்து எழுந்து, வெள்ளைத் தலையோடுதான் பள்ளிக்கூடம் போய் ஓய்வு பெற்றார்.

இந்த அம்மாள் ஊருக்குக் காட்டிய கறுப்புத் தலையில் எனக்குப் பொய் தெரியவில்லை. வைத்தியரிடம் சொன்ன கத்தரிக்காய்தான் பொய். அந்தப் பொய்க்குத் தம் மூச்சையே விலையாகக் கொடுக்க இருந்தார். தன் உடம்பு பேசும்போது அதன் வாயைப் பொத்துகிறவர், உலகத்துக்கு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், தமக்கு நேர்மையாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன்.

விற்கிறவர்கள் சொல்கிற பொய்யையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 'அமோனியா இல்லாதது' என்று பெட்டியில் போட்டிருந்தால் பி.பி.டி. இல்லை என்று பொருள் அல்ல. 'மூலிகை' என்று இலைப்படம் போட்ட கறுப்பு மருதாணித் தூள்களிலும் அது இருக்கலாம். மருதாணி தனியாகச் சிவப்புத்தான் தரும். அவுரியும் சேர்ந்தால், பொறுமையாக மணிக்கணக்கில் வைத்திருந்தால், கறுப்பு வரும். அரைமணியில் கரிபோலக் கறுக்கும் மருதாணி, மருதாணி மட்டும் அல்ல. தலை கறுத்தவனைப் பொய்யன் என்று கேலி செய்கிற நாம் இந்தப் பெட்டியைப் பார்த்துக் கோபப்படுவதில்லை.

கடைசியாக ஒருவர் இருக்கிறார். இந்த விசாரத்தில் யாரும் அவரை நினைப்பதில்லை. அவர் சலூன்காரர். நாம் மாதம் ஒரு தடவை பூசிக் கொள்கிறோம். அவர் தினமும் பல தலைகளுக்குப் பூசுகிறார்; பல இடங்களில் வெறுங்கையோடு. அவருடைய நகக்கண்ணில் கறுப்பு ஏறிப் போயிருக்கிறது; விரலிடுக்கில் வெடிப்பு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2010-ல் வெளியிட்ட தொகுப்பில், முடிதிருத்துவோருக்குத் தொழிலில் ஏற்படும் இந்தத் தொடர்பை, அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. வீட்டில் தமக்குத் தாமே பூசிக் கொள்கிறவர்களைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றது. யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம்முடைய கறுப்பில் ஒரு பங்கு இன்னொருவர் கையில் தங்குகிறது என்பதற்காகச் சொல்கிறேன். வள்ளுவரின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், தீங்கு தெளிவாகத் தெரிகிற இடம் இதுதான். ஒரு ஜோடிக் கையுறைக்கு என்ன விலை ஆகிவிடும்? அவர் போடாவிட்டால், "கையுறை போட்டுக்கிட்டுப் பூசுங்கண்ணே, காத்திருக்கேன்" என்று சொல்ல நமக்கு வாய் வர வேண்டும்.

பூசிக் கொள்கிறவர்கள் தங்களையே கேட்டுக் கொள்ள ஒரு கேள்வி உண்டு. 'நாளைக்கு இதை நிறுத்த என்னால் முடியுமா?' முடியும் என்றால் அது பொட்டையும் பூவையும் போல ஓர் அலங்காரம். சந்தோஷமாகச் செய்யுங்கள், சோதித்துப் பார்த்துச் செய்யுங்கள். முடியாது என்றால், யாருக்காக முடியாது என்று யோசியுங்கள். முதலாளிக்காகவா, மருமகளுக்காகவா, கல்யாண வீட்டு நாலு பேருக்காகவா? அந்தப் பெயர் தெரிந்துவிட்டால், குற்றத்தில் பாதி அவர்களுடையது என்பதும் தெரிந்துவிடும்.

பிசிராந்தையார் தமக்கு நரைக்காததற்குச் சொன்ன காரணத்தை இன்றைய விஞ்ஞானம் ஒப்புக் கொள்ளாது. பரம்பரை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். ஆனாலும் அந்தக் கணக்கில் உள்ளவர்களை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படி ஒரு வீடும் அப்படி ஓர் ஊரும் வாய்த்தால் நரை வராமல் இருக்காது. வந்த நரையை யாரிடமும் மறைக்க வேண்டிய அவசியம்தான் இருக்காது. மற்றவர்களுக்கு அந்த வீடாகவும் அந்த ஊராகவும் இருப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த கல்யாண வீட்டில், வெள்ளைத் தலையோடு வருகிற ஓர் அம்மாளைப் பார்த்தால், "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம்.